சரணத்தைப் பாடிப் பார்த்தீர்களா?

கரோக்கேயில் பல்லவி வரைக்கும் எல்லோரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள். புதுச்சேரியில் ஒயிட் டவுன் மொட்டைமாடி உணவகமானாலும் சரி, லாஸ்பேட்டைக் கல்யாண மண்டபமானாலும் சரி, இடையிசை முடிந்து சரணம் மேலே ஏறும்போதுதான் பாடுகிறவர் மைக்கை வாயிலிருந்து மெல்ல நகர்த்துவார். குளியலறையில் நாம் பாடிப் பழகியது பல்லவியை மட்டும்தானே!

இதில் வேடிக்கை என்னவென்றால், கரோக்கே பிறந்ததே ஒருவரின் தொண்டைக்கு அளவெடுத்துத்தான். ஜப்பானின் கோபே நகரில் மதுக்கூட வாடிக்கையாளர்கள் பாட, கூடவே வாசித்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குத் துணையாக வாசிக்கக் கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. முதலாளியின் குரலுக்கு ஏற்ற சுருதியில் வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971இல் இயந்திரமானது. காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவில்லை. 2004இல் கிண்டலுக்குப் பேர்போன இக்நோபல் அமைதிப் பரிசு மட்டும் கிடைத்தது.

நம் மேடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். மெல்லிசைக் குழு இருந்த காலத்தில் கீபோர்டுக்காரர், "எத்தனை கட்டை சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். இப்போது எஸ்.பி.பி. பாடிய சுருதியிலேயே ட்ராக் ஓடுகிறது. ஒரு கட்டையில் பேசவே சிரமப்படுகிறவரும் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். சுருதியை இறக்கும் வசதி பல செயலிகளில் உண்டு, தொடுவாரைக் காணோம். அதிலும் 'கேளடி கண்மணி'யின் (1990) மூச்சுவிடாப் பாட்டை ஒவ்வொரு விருந்திலும் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிறார். அது சாகசம் காட்டுவதற்கென்றே அமைத்த பாட்டு. நமக்கெதற்கு?

ஆண்களுக்கு என் சிபாரிசு பி.பி.ஸ்ரீநிவாஸ். 'சுமைதாங்கி'யில் (1962) அவர் பாடிய 'மயக்கமா கலக்கமா'வை எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல், கத்தவே வேண்டாம். சினிமாவை விட்டு ஊர் திரும்ப மூட்டை கட்டிய வாலியை நிறுத்திய பாட்டு அது.

சொந்த ஊர்ச் சரக்கும் உண்டு. நம் பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்து, 'ஓர் இரவு' (1951) படத்தில் எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும் பாடியது. நிதானமான நடை, மூச்சு வாங்க இடம் தாராளம். சோர்ந்திருப்பவர் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கும் பாட்டு என்பதால் மேடைக்கும் பொருத்தம்.

அதே கவிஞரின் 'சங்கே முழங்கு' வேறு ரகம். 'கலங்கரை விளக்க'த்தில் (1965) சுசீலாவும் சீர்காழியும் சேர்ந்து வானத்தைத் தொட்ட பாட்டு. ஊர்ப்பாசத்தில் அதைத் தனியாக எடுத்துவிடாதீர்கள். ஜூன் 21 இசைத் திருநாளில், பிரான்சில் 1982இல் தொடங்கியதை நம் தெருக்களும் கொண்டாடும் அன்று, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பாடலாம். உச்சத்துக்குப் போகும்போது யாராவது ஒருவருக்குக் குரல் எட்டும். மற்றவர்கள் வாயசைத்தால் போதும்.