யூரியா போட்டும் பச்சை பிடிக்காத வயல்

வன்னிக்குள் யூரியா கொண்டுசெல்லத் தடை இருந்த காலத்தை எங்களில் பலர் இன்னும் மறக்கவில்லை. யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடங்களின் பின், 2021இல், கோத்தபாய ராஜபக்ஷ அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அது மறுபடியும் கைக்கெட்டாத பொருளானது. அதே வருடம் நவம்பரில் தடை விலக்கப்பட்டாலும், 2022இல் இந்தியக் கடனுதவியில் வந்த 50 கிலோ மூடையை அரசாங்கமே 10,000 ரூபாவுக்கு விற்றது. இந்த அனுபவங்களாலோ என்னவோ, நெல் மஞ்சளித்தால் எங்களுக்கு முதலில் வருவது ‘உரம் காணாது’ என்ற முடிவுதான். நகையை அடகு வைத்தாவது இன்னொரு மூடை வாங்கிப் போடுகிறோம்.

சில வயல்களில் அதற்குப் பிறகும் பச்சை ஏறாது. காரணம் மண்ணுக்குள் இருக்கலாம்.

நெல்லின் வேர்முடிச்சு வட்டப்புழுவின் குஞ்சு அரை மில்லிமீற்றருக்கும் குறைவான நீளமுடையது. குஞ்சுப்புழு வேர்நுனிக்கு அருகால் நுழைந்து, தண்ணீரும் சத்தும் ஏறும் குழாய்களின் பக்கத்தில் குடியிருக்கிறது. அங்குள்ள கலங்களை வீங்கவைத்து, பயிர் செய்யும் உணவைத் தன் பக்கம் இழுக்கிறது. வேர்நுனி கொக்கிபோல வளைந்து தடித்து, நீளுவதை நிறுத்திவிடும். குழாய்களும் ஒழுங்கு குலைகின்றன. மண்ணில் நைதரசன் இருந்தாலும் பயிரால் அதைப் போதியளவு எடுக்க முடியாது. பெண்புழு வேருக்குள்ளேயே முட்டையிடுகிறது. எங்கள் வெப்பநிலையில் மூன்று, நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறை தயார். பயிர் எடுக்காத யூரியா சும்மா கிடப்பதுமில்லை. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்குகிறது.

இந்தப் புழு இலங்கைக்குப் புதிதல்ல. 2000/2001 காலபோகத்தில் குருநாகல் மாவட்டத்தின் நிக்கவரெட்டியவில் பெரிதாகப் பரவியது பதிவாகியிருக்கிறது. தேங்கிய தண்ணீரில் இதனால் வேருக்குள் நுழைவது கடினம். ஆனால் மண்ணில் உயிரோடிருக்கும். எனவே குளத்துத் தண்ணீர் கட்டி நிற்கும் வயலைவிட, மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் வயலுக்கே ஆபத்து அதிகம். எங்கள் மானாவாரிக் காணிகளில் முளைத்த பயிர் மாரி வலுக்கும்வரை வாரக்கணக்கில் காய்ந்த மண்ணில்தான் நிற்கிறது. நெல் இல்லாதபோது கோரையிலும் புல்லிலும் புழு பிழைக்கும் என்பதால், உயர் பாதுகாப்பு வலயங்களாகக் கிடந்து விடுவிக்கப்பட்ட வயல்களிலும் கவனம் வேண்டும்.

உர மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக இன்றைய அரசாங்கம் உயர்த்தியது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் தொகை காணுமா, நேரத்துக்கு வருமா என்பதோடு எங்கள் விவாதம் நின்றுவிடுகிறது. போட்ட உரத்தைப் பயிர் எடுக்கிறதா என்று பார்க்கவும் வேரைப் பரிசோதிக்கவும் என்ன ஒதுக்கப்படுகிறது என்று அரசியல்வாதிகள் எவரும் கேட்டு நான் அறியேன். குத்தகைக்குக் காணி எடுத்துத் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு, வீணாகும் ஒரு மூடை என்பது அடகிலிருந்து மீளாத ஒரு காப்பு.

மஞ்சளித்த வயலெல்லாம் புழு பிடித்த வயல் என்று நான் சொல்லவில்லை. நாகச்சத்துக் குறைவும் வடிகால் இல்லாமையும்கூட இப்படிக் காட்டும். வயல் முழுதும் ஒரேமாதிரி வெளிறாமல், ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பயிர் குறண்டி நின்றால் சந்தேகிக்கலாம். இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். மண்வெட்டியால் மண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கொக்கிபோல் தடித்த நுனிகள் தெரிந்தால் அடுத்த மூடையை நிறுத்திவைக்கலாம். முடிந்த இடத்தில் தண்ணீரைக் கட்டுவதும், அறுவடைக்குப் பின் எள்ளு விதைப்பதும் புழுவைக் குறைக்கும். அதற்குமுன், மஞ்சள் பயிர் ஒன்றையும் பச்சைப் பயிர் ஒன்றையும் வேர்மண்ணோடு பையில் போட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய், ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள்.