நம்மட ஆள் என்று நினைத்த ஆயர்

மார்க்கத் தலைமைக்கு "நம்மட ஆள்" ஒருவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்.

தனது நண்பரும் அரசின் சான்சலருமான தோமஸ் பெக்கட்டை 1162இல் கேன்டர்பரி பேராயராக்கினார். இனித் திருச்சபை தன் சொல்லைக் கேட்கும் என்பது மன்னரின் கணக்கு. ஆனால் பெக்கட் சான்சலர் பதவியை விட்டுவிட்டு, திருச்சபையின் உரிமைக்காக மன்னரையே எதிர்த்து நின்றார்.

பிரச்சினை இதுதான். அன்று ஒரு மதகுரு கொலை செய்தாலும் விசாரிப்பது திருச்சபை நீதிமன்றம். அதற்கு மரண தண்டனை வழங்க முடியாது. பெரும்பாலும் குருப் பட்டத்தைப் பறிப்பதோடு சரி. பட்டம் பறிக்கப்பட்டவரை அரச நீதிமன்றம் தண்டிக்க வேண்டும் என்று 1164இல் கிளாரண்டனில் மன்னர் கேட்டார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கூடாது என்றார் பெக்கட். அந்த வருடமே பிரான்சுக்குத் தப்பியோடி, ஆறு வருடம் கழித்துத்தான் திரும்பினார். 1170 டிசம்பர் 29ஆம் திகதி, மன்னரின் கோபப் பேச்சைக் கேட்டுப் புறப்பட்ட நான்கு வீரர்கள் அவரைத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். 1173இல் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். அடுத்த வருடம் மன்னர் வெறுங்காலோடு அந்தக் கல்லறைக்கு நடந்துபோய், துறவிகளிடம் கசையடி வாங்கினார்.

இதைக் கொடுங்கோலன், தியாகி என்று இரண்டு சொல்லில் முடித்துவிட நமக்கு மனமில்லை. மதகுரு என்பதற்காகக் கொலைகாரன் தப்பலாமா என்ற மன்னரின் கேள்வி நியாயமானது. அந்த நியாயத்தை, தலையாட்டும் ஒரு ஆளை வைத்தும் பிறகு மிரட்டியும் சாதிக்கப் பார்த்ததுதான் பிழை. பெக்கட்டின் இரத்தம் சிந்தியபின் நியாயமான கோரிக்கையும் தோற்றது. மதகுருமாரின் அந்தச் சலுகை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

நம் வரலாற்றிலும் கலீஃபா மன்சூர் கொடுத்த காழி பதவியை இமாம் அபூஹனீஃபா மறுத்துச் சிறை சென்றார். அவரைப் புகழும் நாம், நமது தலைமைகளைத் தெரிவு செய்யும்போது என்ன பார்க்கிறோம்?

"நம்மட ஆளா?" என்று கேட்பதை விடுவோம். நாம் பிழை செய்தால் நம் முகத்துக்கு நேரே சொல்வாரா என்று கேட்போம். தப்புச் செய்தவர் மார்க்க உடையில் இருந்தாலும் அவரை மூடி மறைக்காமல் இருப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தத் துணிவைத் தருவானாக.