சவரக் கத்தியும் குலத்தொழில் புரட்டும்

குலத்தொழில் முறை ஒழியவேண்டும் என்று நாம் எந்த ஊரில் பேசினாலும், கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "எல்லாம் சரிதான் ஐயா! ஆனாலும் தச்சன் மகனுக்குத்தான் உளி பேசும். நாவிதன் மகனுக்குத்தான் கத்தி பேசும். இரத்தத்தில் வரவேண்டியதைப் படித்து வரவழைக்க முடியுமா?" என்று கேட்பது வழக்கமாயிருக்கின்றது. இவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று நாம் சொல்ல வரவில்லை. சாமியை விட்டு, சடங்கை விட்டு, சோசியத்தையும் விட்ட தோழர்கள்கூட இந்த ஓர் இடத்தில் மட்டும் வழுக்கி விழுகிறார்கள். ஆதலால் இதை வாய்ப்பேச்சாக விடாமல், சவரக் கத்தி ஒன்றைக் கையில் எடுத்தே பார்த்துவிடுவோம்.

சவரக் கத்தியை நாம் வேண்டுமென்றே எடுக்கின்றோம். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது முகத்தில் பட்டவன் தலை முழுகும் வரையில் ஒருவரையும் தொடக்கூடாதாம். கொல்லை வழியாய்த்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டுமாம். செவ்வாயும் வெள்ளியும் கத்தியை எடுக்கவே கூடாதாம். தமிழில் ‘தீட்டு’ என்னும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கின்றன. கத்தியைத் தீட்டினால் கூர் வருகிறது. மனிதனுக்குத் தீட்டு என்றால் புத்தி மழுங்குகிறது. முதல் தீட்டைச் செய்தவன் தலையிலேயே இரண்டாம் தீட்டையும் கட்டிவைத்தார்கள். பட்டணத்துச் சவரக் கடைகளில் மெச்சப்பட்ட கத்திகளோ, ஜெர்மனியில் சோலிங்கனிலும் இங்கிலாந்தில் ஷெபீல்டிலும் மாட்டிறைச்சி தின்கிறவர்கள் செய்து கப்பலேற்றிய சரக்கு. அந்தக் கைகளின் தீட்டுக்கு எந்தச் சாஸ்திரியார் பிராயச்சித்தம் செய்தார்?

இப்போது சலூன்களில் பிளேடை மாற்றிப் போடும் கத்தியே பெரும்பாலும் இருக்கின்றது. பழைய மடக்குக் கத்திகள் தகரப் பெட்டியின் அடியிலும் பழைய இரும்புக் கடையிலும் துருவேறிக் கிடக்கின்றன. முன்பின் கத்தி பிடித்தறியாத ஒருவர், உழவரானாலும் குமாஸ்தாவானாலும், அதிலொன்றை எடுத்துத் தம் கையினாலேயே சீர்செய்ய முடியுமா, முடியாதா? கேள்வி இவ்வளவுதான்.

முதலில், கத்தி பிழைக்குமா என்று பார்க்கவேண்டும். வாயில் வெடிப்பு இருந்தால் தூரப்போடுவதே புத்திசாலித்தனம். மேலே பூத்த துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வாயின் ஓரத்தில் துரு ஆழமாய்க் குழி பறித்திருந்தால்தான் மோசம். பிடி பழைய செல்லுலாயிடாயிருந்து நொறுங்கத் தொடங்கியிருந்தால் அதைக் கழற்றி வேறு போடவேண்டும். அது கெடும்போது வெளிவிடும் ஆவியே இரும்பைத் தின்றுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி ஊறவிட்டு, கத்தியைப் பலகைமேல் படுக்கவைத்து, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் 400, 800, 1500 என்று முரட்டுத் தாளிலிருந்து மெல்லிய தாளுக்குப் போகவேண்டும். விரல் வாயைவிட்டு விலகியே ஓடவேண்டும். அவசரக்காரர்கள் மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். சக்கரம் சூட்டைக் கிளப்பும். மெல்லிய வாயில் சூடு 200 டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் நிறம் வரும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த இடத்தில் பதம் போயிற்று. அப்புறம் எந்தக் கல்லில் தேய்த்தாலும் அங்கே கூர் நிற்காது. ஆகவேதான் கையால் செய் என்கிறோம்.

இனிக் கல்லுக்கு வருவோம். சவரக் கத்தியைச் செய்தவன் அதிலேயே ஒரு யுக்தியை வைத்திருக்கிறான். முதுகு தடிப்பு, வாய் மெலிவு. முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி படுக்கவைத்துவிட்டால், எந்தச் சாய்வில் பிடிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 16, 17 டிகிரிக் கோணம் தானாகவே அமைந்துவிடும். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும்கூட இந்த வசதி கிடையாது! எந்தச் சாய்வு பாட்டன் முப்பாட்டன் வழியாய் இரத்தத்தில் இறங்குகிறது என்கிறார்களோ, அதைக் கத்தியின் முதுகே சொல்லிக்கொடுக்கிறது. கல் தட்டையாய் இருக்கவேண்டும். அழுத்தாமல், வாய் முன்னே செல்லத் தள்ளவேண்டும். 1000 எண் கல்லில், இரு பக்கச் சரிவும் நுனியில் ஒன்றையொன்று சந்திக்கும் வரையில், பிறகு 4000, 8000, ஆசையிருந்தால் 12000. கடைசியாகத் தோல்வாரில் ஐம்பது அறுபது தரம், இங்கே மட்டும் முதுகு முன்னே செல்லும்படி இழுக்கவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டவேண்டும். வாயின்மேல் புரட்டினால் வாரும் அறுந்து, கூரும் போகும்.

கல் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று புதிதாய்ப் பழகுகிறவருக்கு எப்படித் தெரியும்? வாயின் சரிவில் கறுப்பு மையைத் தடவி, கல்லில் ஒரே ஒரு தரம் தள்ளிப் பாருங்கள். மை அழிந்த இடத்தில் கல் பட்டது. மை நின்ற இடத்தில் படவில்லை. நமது நாட்டில் மை போட்டுப் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வெற்றிலையில் மை தடவி, காணாமற்போன நகை அதில் தெரிகிறது என்பார்கள். அது மந்திரவாதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த மையோ யார் பார்த்தாலும் ஒன்றையே காட்டும். பிறகு கத்தியின் வாயை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெள்ளைக் கோடு மின்னுகிறதோ அங்கே இன்னும் மழுங்கல். நாமும் தோழர்கள் சிலருமாய் இவ்விதம் கத்திகளைத் தீட்டிப் பார்த்திருக்கிறோம். முதல் கத்திக்குப் பொறுமை அதிகம் வேண்டும்; மூன்றாம் கத்திக்குள் கை படிகிறது. நம்மில் ஒருவரும் அக்குலத்தில் பிறந்தவரல்ல. கத்திகள் சவரம் செய்கின்றன.

சரித்திரத்தையும் கேட்போம். சவரக் கத்திக்கு வேண்டிய சீரான எஃகை மூசையில் உருக்கி எடுக்கும் முறையை இங்கிலாந்தில் 1740 வாக்கில் கண்டவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். அவர் கத்திக்காரரல்ல, கடிகாரம் செய்கிறவர். கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் தாமே முயன்றார். ஷெபீல்டின் பழைய கத்திக்காரர்கள், ‘இது அதிகக் கடினம், எங்களுக்கு ஆகாது’ என்று முதலில் ஒதுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர் அதை வாங்கிக் கத்தி செய்து போட்டிக்கு வந்த பிறகே இவர்களுக்குப் புத்தி வந்தது. சோலிங்கன் கதை இன்னும் பொருத்தமானது. 1401இல் பதமேற்றுவோரும் சாணை பிடிப்போரும், 1472இல் வாள் செய்வோரும் அங்கே தனித்தனிச் சங்கங்களாய் உரிமை பெற்றார்கள். தகப்பன் தொழில் மகனுக்கே. வெளியாருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. ஊரைவிட்டுப் போவதில்லை என்று சத்தியம் வேறு. 1687 வாக்கில் சிலர் அதை மீறி இங்கிலாந்தில் ஷாட்லி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போய் வாள் செய்தார்கள். பின் 1809இல் பிரெஞ்சு ஆட்சி அந்தச் சங்க உரிமைகளை ஒழித்தது. தொழில் செத்ததா? அதன் பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான், வயிறு குழிந்த மெல்லிய சவரக் கத்தியால் அவ்வூரின் பெயர் உலகெங்கும் போயிற்று. அங்கே கட்டு போட்டவன் தன் வரும்படிக்காகத் தானே போட்டுக்கொண்டான். இங்கே கட்டு போட்டவன் ஒருவன், கட்டுப்பட்டவன் வேறொருவன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம் என்றால், 1953இல் ஆச்சாரியார் பாதி வேளை பள்ளிக்கூடம், பாதி வேளை தகப்பன் தொழில் என்று கொண்டுவந்த திட்டம், 1954இல் காமராசர் முதல் மந்திரியானபின் ஒழிந்தது. ஒழிந்தது என்று நாம் இருந்த வேளையில், 2023 செப்டம்பர் 17ஆம் தேதி, தந்தை பெரியார் பிறந்த நாளாகப் பார்த்து, ‘விசுவகர்மா’ என்று ஒரு தேவதையின் பெயரைச் சூட்டி மத்திய அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 18 தொழில்கள், அதில் சவரமும் ஒன்று. ‘குரு சிஷ்ய பரம்பரை’யையும் குடும்ப வழியாய் வரும் தொழிலையும் வளர்ப்பது நோக்கம் என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கின்றது. சேரும் வயதோ 18. கல்லூரிக்குப் போகவேண்டிய வயது! குடும்பத்தொழில் நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாட்டு அரசாங்கம் கேட்டது. ஏற்காததால் 2024 நவம்பரில் இத்திட்டத்தை மறுத்துவிட்டது. தொழிலாளிக்குக் கடனும் கருவியும் கொடுப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. கொடுக்குமுன் ‘உன் தகப்பன் என்ன செய்தான்?’ என்று கேட்பானேன் என்பதே நமது கேள்வி. பரம்பரைத் தொழில் அவ்வளவு பெருமையானால், அந்தப் பெருமையில் பங்கு கேட்டு உயர்ந்த ஜாதிக்காரர்கள் ஏன் சவரக் கடை வரிசையில் வந்து நிற்கவில்லை?

"அப்படியானால் சவரத் தொழிலாளியின் திறமைக்கு மதிப்பில்லையா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நன்றாய் உண்டு. தன் முகத்தில் தான் கத்தி வைப்பது ஒன்று; நாள் முழுதும் நின்றுகொண்டு, ஊரார் தொண்டையில் கூரிய இரும்பை வைத்து ஒரு கீறலும் இல்லாமல் எடுப்பது வேறொன்று. அது அவர் சிறு வயதிலிருந்து கால் கடுக்கப் பழகிச் சம்பாதித்தது. ‘இரத்தத்தில் வந்தது’ என்று சொல்வது அந்தப் பாட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவதற்கே. பிறவியில் வந்ததற்குக் கூலி எதற்கு என்றுதானே வருஷத்துக்கொரு முறை களத்தில் கொஞ்சம் நெல்லும், வாசலில் பழஞ்சோறும் போட்டு ஊரார் வேலை வாங்கினார்கள்? அவ்வகுப்பாருக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. கட்டி அறுத்ததும் பிள்ளைப்பேறு பார்த்ததும் அவர்கள் வீட்டார்தாம். அப்போது மட்டும் ‘வைத்தியம் உங்கள் இரத்தத்தில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரியில் முதல் இடம் உங்களுக்கே’ என்று எந்த வருணாசிரமக்காரரும் சொல்லக் காணோம்.

தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சீர்செய்த கத்தியை ஒருவருக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடம்பைவிட்டு வெளியே வந்தாலும் 7 நாளைக்குக் குறையாமல் வீரியத்தோடு இருக்கக்கூடியது. கத்தி வழியாய் ஒருவர் இரத்தம் இன்னொருவருக்குப் போகலாகாது. சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, நன்றாய் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்கி வைக்கவும். செவ்வாய், வெள்ளி பார்க்க வேண்டியதில்லை.