கென்யாக் கணக்கும் அரைப்பேரும்

இலங்கை மலையகத்தில் எங்கள் டிக்கோயாப் பக்கம் தோட்டச் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கென்யாவும் கூடவே எழும். "அங்கே ஓராள் எடுக்கிற கொழுந்தில் பாதிகூட இங்கே எடுப்பதில்லை. சம்பளத்தை ஏற்றி ஏற்றியே ஏற்றுமதியைக் கென்யாவிடம் பறிகொடுத்தோம்" என்பது தோட்டக் கம்பெனிகளின் பாட்டு. கேட்டுக் கேட்டு, லயத்தில் பிறந்து படித்து வந்த எங்கள் பிள்ளைகளே அதைத் திருப்பிப் பாடுகிறார்கள்.

பறிகொடுத்தது எதை? 1965இல் இந்தியாவையும் தாண்டி உலகத் தேயிலை ஏற்றுமதியில் இலங்கை முதலிடம் பிடித்தது. இன்று எடையில் கென்யா எங்கேயோ போய்விட்டது: 2024இல் அது அனுப்பியது ஏறக்குறைய 59 கோடி கிலோ, நாம் 24½ கோடி. ஆனால் வந்த பணம் இரு நாட்டுக்கும் 140 கோடி டாலரைச் சுற்றித்தான். அவர்களுடையது பெரும்பாலும் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சீ.டீ.சி. தூள், நம்முடையது உருட்டிப் பதப்படுத்தும் ஓதொடொக்ஸ். ஒரு கிலோவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறவனைத் தோற்றவன் என்று எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான்.

அடுத்தது சம்பளம். நாட்சம்பளம் 1000 ரூபாவானது 2021 மார்ச்சில். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 27.8 கோடி கிலோவிலிருந்து 29.9 கோடிக்கு ஏறியது. மழை பெய்தது, ஏறியது என்பீர்கள், சரி. ஏற்றத்துக்கு மழை காரணம், இறக்கத்துக்கு மட்டும் சம்பளமா? 2022இல் அது 25.1 கோடிக்கு விழுந்ததற்குக் காரணம் ஊரறிந்தது: 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது உரத்தின் விலை கைக்கு எட்டவில்லை.

இன்னொன்று. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது, அதுவும் பெரும்பாலும் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம். எங்கள் நாட்சம்பளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கென்யா வளர்ந்ததும் 1964இல் அரசு அமைத்த தேயிலை அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் சேர்ந்த சிறு விவசாயிகளால்தான். அதே 1964இல் நாம் செய்தது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்; எங்கள் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டோம்.

இனி அந்தக் 'கொழுந்து குறைவு'. கணக்குச் சொல்கிறவர்கள் ஒருநாள் எங்கள் மேல்மலைக்கு ஏறிவரட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் விதைபோட்டு வளர்த்த செடி. நிரையில் நாலைந்து தேயிலைக்கு ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கும், அதில் மானாப்புல். ஒரு காலைக் கல்லில் ஊன்றி, மறுகாலைச் செடித் தூரில் முட்டுக்கொடுத்துத்தான் கை கொழுந்துக்குப் போகும். எங்கள் பெரியம்மா அப்படி ஒரு நாள் முழுக்க எடுத்தார். நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின், நாளுக்கு வைத்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார், அதாவது பாதி நாள் சம்பளம். மழையில் நனைந்த கொழுந்து என்றால் கழிவும் கூடும். அது அட்டை கடித்த காலுக்குத் தெரியும், கம்பெனி அறிக்கைக்குத் தெரியாது.

கென்யாவில் செடி இளசு, சரிவு குறைவு, பல இடங்களில் இயந்திரமே வெட்டுகிறது. அந்த இயந்திரங்களில் சிலவற்றை 2023 மே மாதம் கெரிச்சோவில் வேலை பறிபோன ஆத்திரத்தில் எரித்தார்கள். அந்தச் செய்தியை இங்கே யாரும் உதாரணம் காட்டக் காணோம்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்துத் தலவாக்கலையில்தான் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த நல்ல ரகக் கன்றுகள் எங்கள் மேல்மலைக்கு இன்னும் ஏறவில்லை.