ஒப்பறேசன் வைத்தியருடையது, அடுத்த பத்து நாள் எங்களுடையது

மருத்துவப் பகுதியில் நாயைப் பற்றியும் எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். சிட்னியிலும் மெல்பேர்னிலும் எமது வீடுகளில் நாய் இப்போது வாசலில் படுப்பதில்லை; பிள்ளைகளின் கட்டிலடியில் படுக்கிறது. ஆகவே அதன் சுகமும் வீட்டின் சுகம்தான்.

பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வது இந்நாட்டில் சாதாரண விடயம். நியூ சவுத் வேல்சிலும் விக்டோரியாவிலும் கருத்தடை செய்த நாய்க்குப் பதிவுக் கட்டணம் குறைவு. தென் அவுஸ்திரேலியாவில் 2018 யூலை 1க்குப் பின் பிறந்த நாய்களுக்கு, சில விதிவிலக்குகளுடன், அது சட்டப்படி கட்டாயம். காலையில் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் அன்று மாலையே வீடு வந்துவிடும். அதனால் சின்ன ஒப்பறேசன் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் வயிற்றைத் திறந்து சூலகங்களையும், பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுகிறார்கள். எமது வீட்டுப் பெண் ஒருவருக்கு இது நடந்தால் வாரக்கணக்கில் பாரம் தூக்க விடுவோமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பறேசன் முடிந்த மூன்றாம் நாள் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டோம். ஆங்கிலத்தில் தந்த அறிவுறுத்தல் தாள் மேசையில் கிடந்தது. பகல் முழுவதும் வீட்டில் இருந்தவர் என் அம்மா. "பாவம், வாயில்லாச் சீவனுக்கு வாளியை மாட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்று கழுத்துக் கூம்பைக் கழற்றிவிட்டு, காயத்தில் மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசியிருக்கிறார். மாலையில் வந்து பார்த்தால், நாய் நக்கி நக்கி இரண்டு தையலைப் பிரித்திருந்தது. மீண்டும் மயக்க மருந்து, மீண்டும் தையல். அம்மா அழுதுவிட்டார். பிழை அவருடையதல்ல. அவருக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லாத எங்களுடையது.

எனது கருத்து இதுதான்: நாயைப் பொறுப்பெடுக்கும்போது வைத்தியர் சொல்வதைக் கேட்பவர் ஒருவர், பகலில் பார்ப்பவர் இன்னொருவர் என்றால், அந்த இன்னொருவருக்கு எல்லாம் தமிழில் தெரிந்திருக்க வேண்டும். கீழுள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

கழுத்துக் கூம்பை வைத்தியர் சொல்லும் நாள்வரை, வழக்கமாக 10 முதல் 14 நாள், கழற்றக் கூடாது. அது தண்டனையல்ல, காயத்துக்குக் காவல். அந்த நாட்களில் குளிப்பாட்டுவதும் ஓடவிடுவதும் வேண்டாம். சோபாவிலும் படியிலும் ஏறவிட வேண்டாம். வெளிக்குப் போவதற்கு மட்டும் வாரில் பிடித்துக் கொஞ்சத் தூரம் நடத்தலாம். மூன்றாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும். வெளித்தோல் ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே தசை ஆறியிருக்காது.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், எமது களிம்பு எதுவும் பூசக் கூடாது. முதல்நாள் இரவு சிறிதளவு உணவே போதும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறிச்சோறு எப்போதுமே நாய்க்கு ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது: நோகிறது என்று பனடோலோ நியூரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் பாதிக்கும். ஐபுபுரூஃபன் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். மிருக வைத்தியர் தந்த மருந்தை, அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.

காயத்தை நாளுக்கு இரண்டு தரம் பாருங்கள். இலேசான சிவப்பும் வீக்கமும் வழமை. சீழ், துர்நாற்றம், இரத்தக் கசிவு, தையல் விலகல், தொடர் வாந்தி, ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வைத்தியரை அழையுங்கள். முரசு வெளுத்து நாய் சோர்ந்து கிடந்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும். நள்ளிரவு என்றாலும் அவசர சிகிச்சைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

சென்னையில் ப்ளூ குரொஸ் அமைப்பு 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. பிடித்த நாயை ஒப்பறேசன் முடிந்ததும் தெருவில் விட்டுவிடுவதில்லை. சில நாள் கூட்டில் வைத்துப் பராமரித்த பின்பே பிடித்த இடத்தில் விடுவது இத்திட்டத்தின் முறை. சொந்தக்காரர் இல்லாத நாய்க்கே அந்தக் கவனிப்பு உண்டு என்றால், எங்கள் கட்டிலடியில் படுக்கும் நாய்க்குப் பத்து நாள் கவனிப்பு பெரிய காரியமா?

நாய் தன் நோவைச் சொல்லாது, பெரும்பாலும் மறைக்கவே பார்க்கும். அதற்காக வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக அறிந்து நடப்போம். இன்றிரவே அம்மாவோடு, அப்பப்பாவோடு இருந்து ஐந்து நிமிடம் பேசுங்கள்.