மாமா, வாங்கலாமா?

போன மாதம் போடிநாயக்கனூரிலிருந்து என் தங்கை மகன் போனில் கூப்பிட்டான். கல்லூரியில் படிக்கிற பையன்.

"மாமா, ஆம்ப்ளிஃபயர் கிட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இருநூறு வாட்ஸ்! நாமே சால்டர் பண்ணிக்கலாம். வாங்கலாமா?"

பின்னாலேயே அவன் அம்மாவின் குரல்: "அண்ணே, வேண்டாம்னு சொல்லுங்க! கரண்டு விஷயம்!"

இப்படி இரண்டு பேருக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பையனுடையதோ சொந்தச் சம்பாத்தியம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் விடுமுறை நாட்களில் கணக்கெழுதிச் சேர்த்த பணம். சட்டென்று "வாங்கு" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல மனம் வரவில்லை.

"மாப்ளே, உங்க ஊரில் ஏலக்காயை எப்படி வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன்.

"மாதிரியைக் கையிலெடுத்து நிறம், பருமன், காய்ந்த பதம் எல்லாம் பார்ப்பாங்க."

"மூட்டை மேல் எழுதியிருப்பதைப் பார்த்து விலை சொல்வதில்லையே? கிட்டையும் அப்படித்தான் வாங்க வேண்டும்."

பெட்டியின் மேல் இருக்கும் 'வாட்ஸ்' ஒரு மாய எண். கண நேரம் தாங்கும் சக்தியைப் பெருக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நிஜமாகவே வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும்! வீட்டுக் கூடத்துக்கு ஐந்தாறு வாட்ஸே தாராளம்.

அடுத்தது, பணம். கிட் வாங்கினால் மிச்சம் என்பது பழைய கதை. அமெரிக்காவில் ஹீத்கிட் கம்பெனி 1947-ல் தன் முதல் எலெக்ட்ரானிக்ஸ் கிட்டை விற்றது. பாகங்களைக் கோத்துப் பூட்டக் கை வேலைதான் அதிகம்; அந்தக் கூலி வாங்குகிறவருக்கு மிச்சமாயிற்று. இன்று அந்த வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. ஹீத்கிட்டும் 1992-ல் கிட் வியாபாரத்தை நிறுத்திவிட்டது. தவிர, பெட்டிக்குள் இல்லாதவற்றையும் கூட்டிப் பாருங்கள்: டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், கேபினெட், சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு, சால்டரிங் அயர்ன். மொத்தம் எங்கேயோ போய்விடும்!

தங்கையின் பயமும் நியாயமானதே. 230 வோல்ட் விளையாட்டல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அப்படியானால் வேண்டாமா? பாட்டுக் கேட்பது மட்டும் நோக்கமென்றால் வேண்டாம், ரெடிமேட் வாங்குங்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று கையால் தெரிந்துகொள்ள ஆசையென்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாட்ஸைப் பார்க்காமல், சர்க்யூட் படம், பாகங்களின் பட்டியல், படிப்படியான விளக்கம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பையனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான்: எல்.ஏ.4440 என்ற பழைய ஜப்பானிய ஐ.சி. போட்ட சின்ன கிட். 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். பக்கத்துக்கு 6 வாட்ஸ் தரும். மழைக்காலத்தில் மலையில் கரண்டு போனாலும் பாடும். பாட்டரி வயரில் ஒரு ப்யூஸ் மட்டும் அவசியம். "பாட்டரி" என்றதும் தங்கையும் சம்மதித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போன். "மாமா, 'உம்'முனு ஒரே இரைச்சல்!"

"பாட்டு வரும் வயரைப் பார்," என்றேன். அரை நாள் தேடியிருக்கிறான். அந்த வயரின் மேலுறைப் பின்னலைச் சால்டர் செய்ய மறந்திருக்கிறான். வீட்டு ஒயரிங்கின் இரைச்சலை அது வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்ததும் இரைச்சல் நின்றதாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை எந்த ரெடிமேட் பெட்டியும் தந்திருக்காது.

நேற்று தங்கையே பேசினாள்.

"அண்ணே, நீங்க சொன்னா கேட்பான். ராத்திரி பத்து மணிக்கு மேலேயாவது சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க!"

ஆறு வாட்ஸுக்கே இந்தப் பாடு!