மகுடத்துக்குச் சம்பளம் உண்டா?

அமெரிக்கச் சிற்றூர்களின் வாரப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் அந்தப் பெண் இருப்பார். தலையில் மகுடம், தோளில் குறுக்காகப் பட்டை, பக்கத்தில் மேயர், கையில் ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோல். மாவட்ட அழகியாகவோ மாநில அழகியாகவோ இருப்பார். வாரத் தொடக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் கதை வாசித்திருப்பார். அடுத்து ரோட்டரி சங்க மதிய விருந்து, முதியோர் இல்லம், இரத்ததான முகாம். சனிக்கிழமை திறந்த காரின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து ஊர்வலம். பெட்ரோல் போட்டது யார், முடி அலங்காரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், பகுதிநேர வேலையிலிருந்து ஒரு நாள் லீவு போட்டதில் எவ்வளவு போனது என்பதெல்லாம் படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரியில் வராது. பெரும்பாலும் அது அப்பா அம்மாவின் செலவு.

இந்த ஓட்டத்துக்குப் போட்டி நடத்துபவர்கள் வைத்திருக்கும் பெயர் சமூக சேவை. என் பார்வையில் இது விளம்பரத் தொழில். கடைக்குக் கூட்டம் சேர்கிறது, சங்கத்துக்கு நன்கொடை சேர்கிறது, போட்டி நடத்தும் அமைப்புக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் சேர்கின்றன. உழைத்தவருக்கு மட்டும் கணக்கில் ஒன்றும் ஏறுவதில்லை.

போட்டி பிறந்ததே வியாபாரத்துக்காகத்தான். அட்லாண்டிக் சிட்டி கடற்கரை விடுதிகளுக்கு செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினத்தோடு சீசன் முடிந்துவிடும். வந்த கூட்டத்தை இன்னும் சில நாள் பிடித்துவைக்க 1921-ல் நடத்தியதுதான் பின்னாளில் மிஸ் அமெரிக்கா ஆனது. முதலில் வென்ற மார்கரெட் கோர்மனுக்கு வயது 16. கல்வி உதவித்தொகை என்ற கௌரவமான போர்வை 1945-ல்தான் வந்தது. அந்த ஆண்டு 5,000 டாலர் உதவித்தொகையோடு பட்டம் வென்றவர் நியூயார்க்கின் பெஸ் மையர்சன். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் யூதப் பெண்.

வழக்கமாக வென்றவரை ஊர் ஊராக அழைத்துப்போய்த் தங்கள் சரக்கை விற்கும் விளம்பரதாரர்கள் மையர்சன் விஷயத்தில் பின்வாங்கினார்கள். யூதப் பெண்ணின் முகம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தச் சுற்றுப்பயணத்தை உதறிவிட்டு, யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பு ஒன்றுக்காகப் பள்ளிகளில் இனவெறிக்கு எதிராகப் பேசப் போனார். மிஸ் அமெரிக்கா வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் பள்ளிப் பயணம் அதுதான். நிகழ்ச்சி நிரல் போட்டவர்கள் கைவிட்ட பிறகு நடந்தது அது என்பதைப் பாராட்டுரைகளில் அதிகம் கேட்க முடியாது.

அடுத்த கதை இன்னும் வெளிப்படையானது. 1951-க்கான பட்டம் வென்ற யோலாண்டே பெட்பீஸ், ஊர் ஊராகப் போய் நீச்சலுடையில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார். நீச்சலுடை தயாரிக்கும் கேட்டலினா நிறுவனம் கோபித்துக்கொண்டு விளம்பர ஆதரவை விலக்கியது. அதோடு நிற்கவில்லை, 1952-ல் மிஸ் யுஎஸ்ஏ, மிஸ் யூனிவர்ஸ் என்று தன் பங்குக்குப் போட்டிகளையே தொடங்கிவிட்டது. ஒரு பெண்ணின் ஓராண்டு நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு அம்சம் இல்லை என்றதும் ஒரு நிறுவனம் உலக அளவில் புதுப் போட்டி நடத்தக் கிளம்புகிறது என்றால், அந்த நிரலின் சந்தை மதிப்பை வேறு எப்படி அளப்பது?

சேவை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. 1988-க்கான மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற கே லானி ரே ராஃப்கோ மிச்சிகனைச் சேர்ந்த நர்ஸ். நர்ஸ் தொழிலைப் பற்றியும், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்பைப் பற்றியும் ஆண்டு முழுக்கப் பேசினார். பேச அவருக்கு விஷயம் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையைக் கையில் எடுத்தாக வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். ஒருவருக்கு இயல்பாக வந்தது மற்றவர்களுக்கு மதிப்பெண் ஆனது. அதன் பிறகு யாரும் வெறும் கையோடு ஒரு முதியோர் இல்லத்துக்குள் போக முடியாது. கூடவே புகைப்படக்காரர் போக வேண்டும்.

அந்தப் பெண்களைக் கேலி செய்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. தலைமுடிக்குள் சீப்புப் பற்களைப் போலச் செருகி, கொண்டை ஊசிகளால் இறுக்கிய மகுடத்தோடு மணிக்கணக்கில் நிற்பது லேசான காரியமல்ல. பட்டை நழுவாமல் ஊக்கு குத்த வேண்டும். நூறாவது குழந்தையோடு படம் எடுக்கும்போதும் முதல் குழந்தைக்குக் காட்டிய சிரிப்பு இருக்க வேண்டும். 2013 செப்டம்பரில் மகுடம் சூடிய நீனா தவுலூரி, தெலுங்குப் பெற்றோரின் மகள். வென்ற இரவே இணையத்தில் இனவெறி வசவுகள் கொட்டின. அடுத்த ஓராண்டு அதே வசவைப் பற்றிய கேள்விக்கு மேடைக்கு மேடை பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கும் இதைவிடக் கடினமான ஆண்டு வாய்த்திருக்காது.

உதவித்தொகை தருகிறோமே என்பார்கள். ஆண்டுக்கு 45 மில்லியன் டாலர் உதவித்தொகைக்கு வழி செய்வதாக மிஸ் அமெரிக்கா அமைப்பு பெருமையடித்ததை 2014-ல் ஜான் ஆலிவர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் துருவினார். மாணவிகளின் கைக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த பணம் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. சேர்ந்ததும் ஜெயித்த இரவுக்கான பரிசு. அடுத்து வரும் பன்னிரண்டு மாத உழைப்பு அதில் அடக்கம் என்று எந்த நியாயத்தில் சொல்வது? தேசியப் பட்டத்துக்காவது சம்பளம், பயணச்செலவு என்று ஏதோ உண்டு. கீழே உள்ள மாவட்ட அழகிகள்தான் சொந்தக் காசில் ஓடுகிறவர்கள்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. 2018 ஆகஸ்டில், பட்டத்தில் இருந்த காரா மண்ட் முன்னாள் வெற்றியாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமைப்பின் தலைமை தன்னை வாய் திறக்க விடவில்லை, ஓரங்கட்டியது என்பது புகார். தலைமை மறுத்தது. யார் சொன்னது சரியோ, பட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு முறையிட வேறு இடம் இல்லாமல் பழைய அழகிகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதே போதும். வேறு எந்த வேலையிலும் அதற்கென்று ஒரு மேலதிகாரியாவது, தொழிலாளர் துறையாவது இருக்கும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலம் இருக்கிறது. 1948-லிருந்து 'ஆலிஸ் இன் டெய்ரிலேண்ட்' என்றொரு பட்டம் அங்கே வழங்கப்படுகிறது. அதுவும் அழகிப் போட்டியாகத்தான் தொடங்கியது. இன்று ஆலிஸ் மாநில வேளாண்மைத் துறையின் முழுநேர ஊழியர், ஓராண்டு நியமனம். பாலும் பாலாடைக்கட்டியும் விளையும் ஊரில் வேளாண் தொழிலுக்காகப் பேசுவதே வேலை. பள்ளிக்கூடம், வேளாண் கண்காட்சி, வானொலிப் பேட்டி, ஊர்வலம் என்று அவரும் அதே ஓட்டம்தான் ஓடுகிறார். தலையில் மகுடமும் உண்டு. ஆனால் தேர்வு, வேலைக்கான நேர்காணலைப் போல நடக்கிறது. நியமன அறிவிப்பில் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் எழுதியிருக்கும். காய்ச்சலாகக் கிடந்தால் அவர் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள்ளலாம்.